பேட்டரி தேயாத ஊர்: செஞ்சியில் மூன்று நாள்

போன பதிவின் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: "அரசாங்கம் ஊருக்கு ஒரு கருவியைக் கொடுக்கிறது. அது பயன்படுகிறதா இல்லையா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள், மேடம்?" அதற்குக் கீழேயே இன்னொருவர், குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போகலாம் என்றிருக்கிறேன், வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். நான் முதன்முதலில் செஞ்சிக்குப் போனதே அந்த முதல் கேள்விக்காகத்தான். அறுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம். எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அப்போது பாதி ஊர்களுக்குக் கரண்ட் வரவில்லை. அதனால் ஊருக்குப் பொதுவாக ஒரு ரேடியோவை அரசாங்கமே கொடுத்திருந்தது. செங்கல் பருமனில் ஒரு பேட்டரிக் கட்டு, மரப் பெட்டி, கூரை மேல் ஒரு கம்பி. மாலை ஏழு மணிக்கு விவசாய நிகழ்ச்சி வரும். மழை வருமா, மார்க்கெட்டில் என்ன விலை, பூச்சிக்கு என்ன மருந்து என்று சொல்வார்கள். இந்தப் பெட்டிகளால் பலன் உண்டா என்று கணக்கெடுக்கும் பிரிவில் நான் உதவியாளர். எங்கள் மேலதிகாரி சாரங்கபாணி சார். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குப்பொடி போடுபவர், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுபவர். எனக்கோ கோபம் வந்தால் குரல் ஏறும். இரண்டு பேரையும் ஒரே ஜீப்பில் போட்டவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

சார் ஒரு விதி எழுதியிருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பேட்டரி தேய்ந்திருந்தால் பெட்டி பாடியிருக்கிறது. தேயவில்லை என்றால் ஊர் கேட்கவில்லை. கேட்காத ஊரிலிருந்து பெட்டியை எடுத்து, கேட்டுக் காத்திருக்கிற ஊருக்குக் கொடுத்துவிடலாம். செஞ்சிப் பக்கத்தில் இரண்டு ஊர்களில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தால், மாநிலம் முழுவதற்கும் அதுவே கொள்கையாகும். ஒரு ஊர் பேட்டரியைத் தின்று தீர்த்த ஊர், அதற்குப் பாராட்டுப் பத்திரம். இன்னொன்று தேயாத ஊர், அங்கிருந்து பெட்டியைத் திரும்ப எடுத்துவர வேண்டும்.

சென்னையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஜீப் ஓட்டியவர் கபாலி. திண்டிவனத்தில் நிறுத்தி ஆளுக்கு நான்கு இட்லி, ஒரு வடை, காபி. எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு ரூபாய்க்குள். அங்கிருந்து மேற்கே பதினேழு மைல். வழியெல்லாம் வெறும் வயல்தானே என்று நான் கண் அயர்ந்துவிட்டேன். கபாலி பிரேக் போட்டு எழுப்பினார்.

"இன்னாம்மா தூங்கறே, அங்க பாரு. எவனோ லாரி லாரியா கொண்டாந்து கொட்டிட்டுப் போனாப்பல இருக்குது."

பார்த்தேன். வாயைப் பிளந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை. அடுக்கி வைத்த மாதிரி பாறை மேல் பாறை, மூன்று மலை, மூன்றையும் வளைத்து ஓடும் மதில். படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் நேரில் பார்ப்பது வேறு. சாரையும் கபாலியையும் டிராவலர்ஸ் பங்களாவில் தங்க வைத்தார்கள். என்னைக் கிராம சேவிகா என்ற பெண் அரசு ஊழியர் ஒருவரின் வீட்டில். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என் அம்மா என்னை அனுப்பியிருக்க மாட்டாள்.

அன்று பிற்பகலே அனந்தபுரம் பக்கம் இருக்கும் பாராட்டுப் பத்திர ஊருக்குப் போனோம். பேர் வேண்டாம். ஊருக்கு அரை மைல் முன்னாலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. பெட்டி டீக்கடை பெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. சுற்றி நல்ல கூட்டம். ஊர்த் தலைவர் மாலையோடு காத்திருந்தார்.

"காத்தால வச்சா ராத்திரி கட மூடற வரைக்கும் பாடும் சார். ஒரு நாளு நிறுத்தனது கெடயாது" என்றார் பெருமையாக.

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு விவசாயியிடம் நான் கேட்டேன். "நேத்து மல்லாட்டை விலை என்ன சொன்னாங்க?" மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"ரேடியோல அதெல்லாம் கூட சொல்றாங்களா?"

"ஏழு மணிக்குச் சொல்வாங்களே."

"ஏழு மணிக்கா? அப்பதாம்மா அந்தாண்ட ஸ்டேஷன்ல சினிமா பாட்டு வருது. திருப்பிடுவோம்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாட்டுக் கேட்பது ஒன்றும் குற்றமில்லை. நானே இரண்டு பாட்டு நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் அதற்குப் பாராட்டுப் பத்திரமா? ஜீப்பில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "சார், நம்ம விதி பாட்டுக்குப் பரிசு கொடுக்குது." சார் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஊரை வச்சு விதியை மாத்த முடியாதும்மா கோமளா. நாளைக்கு இன்னொண்ணு இருக்கு, பார்ப்போம்." பத்திரத்தை மட்டும் அவர் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. மாலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் விடிகாலை ராஜகிரி ஏறினோம். கோட்டைக்கென்று போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஏறத் தொடங்குங்கள். ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி, எங்களுக்கு ஆனது. பாதி வழி வரை மரநிழல் உண்டு. அதற்கு மேல் பாறைதான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கும். அதைக் கடக்க ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் தொட முடியாது. யோசித்துக் கட்டியவன் கையில் மோதிரம் போட வேண்டும். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறார்கள், நெல் கொட்டி வைக்கக் களஞ்சியம் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கொண்டுபோன இரண்டு கூஜாத் தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துபோனதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. குரங்குகள் உண்டு. கபாலியின் வாழைப்பழச் சீப்பு போன வேகத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை, அவர் போட்ட சத்தத்தைத்தான் கேட்டேன்.

உச்சியில் நின்றால் சுற்று வட்டாரமே காலடியில். அறுவடை நேரம். மல்லாட்டைச் செடிகளைப் பிடுங்கி வயலிலேயே வரிசை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். கிழக்கே மேகம் கறுத்திருந்தது. ஆனால் அது மழையா, சும்மா பூச்சாண்டியா என்று சொல்ல முடியவில்லை. ஒரு வாரமாக இப்படித்தான் கறுக்கிறது, கலைகிறது என்று எதிரே வந்த விறகு வெட்டி சொன்னார்.

பிற்பகல் நான்கு மணிக்கு இரண்டாவது ஊர். மேல்சித்தாமூர் சமண மடத்துக்குப் போகும் வழியிலிருந்து பிரிந்து இரண்டு மைல், மாட்டுவண்டிப் பாதை. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அதிகம். எல்லாரும் விவசாயம், கொஞ்சம் வியாபாரம். ஊர்ப் பொதுச் சாவடியில் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி ஊர்ப் பெரியவர் சாந்தகுமார நயினாரிடம். அவர் திறந்து காட்டினார். தூசி தும்பு இல்லை. சார் மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரி ஏறக்குறையப் புதிது மாதிரி இருந்தது.

"கேட்கறதே இல்லையா நயினாரே?"

"தெனமும் கேக்கறோம் சார். வெலயும் மழயும் சொல்லுவாங்க. கேட்டதும் மூடிடுவோம்."

"எங்க ஆள் ரெண்டு தடவை ஏழு மணிக்கு வந்து பார்த்திருக்கார். சாவடி இருட்டா கிடந்துதுன்னு எழுதியிருக்கார்."

"இருட்டுலதான் சார் கேக்கறோம்."

சார் என்னைப் பார்த்தார். பெட்டி போகிறதென்றால் எந்த ஊரும் ஏதாவது சொல்லத்தான் செய்யும். அதையெல்லாம் நம்பினால் அந்த வேலையைச் செய்ய முடியாது. நானும் அன்று அவர் பக்கம்தான். இருட்டில் உட்கார்ந்து யார் ரேடியோ கேட்பார்கள்? கபாலி பெட்டியை அவிழ்த்து, சாக்கைச் சுற்றி, ஜீப்பில் ஏற்றினார். நயினார் தானே வந்து கயிறு கட்ட உதவி செய்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அப்போதுதான் ஜினமதி அம்மா வந்தார். வயலிலிருந்து நேரே வந்தவர், முழங்கால் வரை செம்மண். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. மூன்று ஏக்கரையும் தானே பார்ப்பவர் என்று நயினார் சொன்னார். ஜீப்பைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், நேரே சாரிடம் வந்தார்.

"சார், எடுத்துக்கினு போங்க, வேணாங்கல. இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் விட்டுட்டுப் போங்க. காத்தாலதான் மூணு ஏக்கரும் மல்லாட்ட புடுங்கிப் போட்டுட்டேன்."

"மழைக்குப் பயம்னா மூடி வச்சுடறதுதானேம்மா?"

"பச்சையா கும்மி மூடுனா பூசணம் புடிச்சுடும் சார். பரப்பி விட்டாத்தான் காயும். பரப்பி விட்டு மழ புடிச்சா மொளச்சுக்கும். போன வாரம் பொட்டி இல்லாத ஊருல தம்பி கொல்லில வானத்த நம்பி மூடி வச்சு, பாதி பூசணமாயிடுச்சு. மழ உண்டா இல்லயான்னு தெரியணும். இந்த வருசம் எனக்கு அதான் சார் எல்லாம்."

கொல்லி என்றால் அவர்கள் பேச்சில் வயல், கும்முவது என்றால் குவிப்பது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்தபின் அந்தப் பாதையில் ஜீப் ஓட்டக் கபாலிக்கு இஷ்டமில்லை, அதைச் சத்தமாகவும் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. "ஒரு நாள் தானே சார்? விதி ஒரு நாள் தூங்கினா செத்தா போயிடும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். சார் பொடியை எடுத்து நிதானமாகப் போட்டார். பிறகு, "இறக்கு கபாலி" என்றார்.

இறக்கி வைப்பதற்குள் நயினார் வீட்டில் இலை போட்டுவிட்டார்கள். ஐந்தேகால்தான் ஆகிறது. "பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடுங்க, அப்பறம் எங்க வீட்டுல அடுப்பு எரியாது" என்றார் நயினாரின் மனைவி. சமணர்கள் இருட்டிய பின் சாப்பிடுவதில்லை. சாதம், அவரைக்காய்ச் சாம்பார், வாழைக்காய் வறுவல், வறுத்த மல்லாட்டைப் பொடி, மோர். வெங்காயமில்லை, பூண்டில்லை, கிழங்கில்லை. கபாலிக்கு வாய் சும்மா இருக்காது. "கெழங்கு மண்ணுக்குள்ள இருக்குதுன்னு வேணாங்கறீங்க. மல்லாட்ட மட்டும் மானத்துலயா காய்க்குது?" நயினார் சிரித்துவிட்டார். "அது வேரு இல்லப்பா, காயி. பூ மேல பூத்துட்டு உள்ள போயி காய்க்குது." கபாலி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வெங்காயமில்லாத சாம்பார் அவ்வளவு ருசிக்கும் என்று அதுவரை எனக்கும் தெரியாது.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சாவடியில் நல்ல இருட்டு. கபாலி ஜீப்பிலிருந்து அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து தீக்குச்சி உரசினார்.

"ஐயோ, வேணாம்ப்பா!" நயினார் ஓடிவந்து ஊதி அணைத்தார். "ஈசல் பொறப்படற காலம். விளக்கு வச்சா கும்பல் கும்பலா வந்து விழுந்து சாவும். மழ காலம் முடியற வரைக்கும் இங்க விளக்கு ஏத்தறதில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஈசல் சாகக் கூடாது என்று ஒரு ஊரே இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஆள் ஜீப்பை விட்டு இறங்காமல் எட்டிப் பார்த்துவிட்டு, "இருண்டு கிடக்கிறது" என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு தடவை!

ஒவ்வொருவராக வந்தார்கள். முகம் தெரியவில்லை. வேட்டி சரசரப்பும் வளையல் சத்தமும்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சாப்பாட்டு வேலை எல்லா வீட்டிலும் முடிந்திருந்ததால் பெண்களும் வந்திருந்தார்கள். வேறெந்த ஊரிலும் அதை நான் பார்த்ததில்லை. அங்கெல்லாம் ஏழு மணிக்குப் பெண்கள் அடுப்படியில் நிற்பார்கள். நயினார் பெட்டியின் குமிழைத் திருப்பினார். உரத்தைப் பற்றி யாரோ பேசினார். பிறகு மார்க்கெட் விலை. மல்லாட்டை விலை வந்ததும் இருட்டில் யாரோ "ம்" என்றார். அதற்கப்புறம் வானிலை. கடலோரத்தில் புயல் சின்னம், தென்னார்க்காடு உட்பட நான்கு மாவட்டங்களில் இன்றிரவு பலத்த மழை.

டக். பெட்டி மூடியது.

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்துத் தன் கேள்விகளை ஆரம்பித்தார். "எல்லாருக்கும் வணக்கம். இதுல வாரத்துக்கு எத்தனை நாள்…" பதில் இல்லை. "வெட்கப்படாம சொல்லுங்க." அதற்கும் பதில் இல்லை. கபாலி டார்ச் அடித்தார். சாவடி காலி. நயினார் மட்டும் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எங்க?"

"கொல்லிக்கு சார். மழன்னு சொல்லிட்டாங்களே."

எத்தனை அறிக்கை தட்டச்சு செய்திருப்பேன்! ஒரு சேதி காதில் விழுந்து காலாக மாறுவதை அன்றுதான் பார்த்தேன். சார் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போய்ப் பார்க்கலாம்" என்றார். ஜினமதி அம்மாவின் வயலில் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஏழெட்டுப் பேர் செடிகளை வாரிக் கும்மிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சமும் கலவரமில்லை, கத்தலில்லை. ஒரு வயல் முடிந்ததும் அடுத்தது, யாருடையது என்ற பேச்சே இல்லை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பனை ஓலை தூக்கினேன். கபாலியும் தூக்கினார், முணுமுணுத்துக்கொண்டே. செஞ்சிக்குத் திரும்பும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. இரவெல்லாம் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

கடைசி நாள் காலையைச் சொல்வதற்கு முன், போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். இப்போது சென்னையிலிருந்து செஞ்சிக்கு நேரடி பஸ்ஸே உண்டு. திண்டிவனம் போய் மாறினாலும் இருபத்தெட்டு கிலோமீட்டர்தான். ராஜகிரியில் மதியத்துக்கு மேல் ஏற விடுவதில்லை என்கிறார்கள், முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள செருப்பு, பழத்தைப் பைக்குள் மறைத்து வையுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் கீழே கல்யாண மகாலோடு நிறுத்திக்கொள்ளலாம், குறையொன்றும் இல்லை. நேரமிருந்தால் விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டுக் குடைவரை, பாறையையே குடைந்து செய்த கோயில். மேல்சித்தாமூர் மடத்துக்கும் போங்கள், பகலிலேயே போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குள்ளேயே இப்போது வானிலை இருக்கிறது.

முதல் கேள்வி கேட்டவருக்கும் சொல்லிவிடுகிறேன். சார் அந்த விதியைத் தானே அடித்துவிட்டார். நான் எழுதியது, நானே எடுக்கிறேன் என்று மேலே உள்ளவர்களிடமும் சொன்னார். தான் எழுதியதைத் தானே தப்பென்று சொன்ன அதிகாரியை என் முப்பது வருஷ வேலையில் நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். பெட்டியை அளக்காதே, கேட்டவர் கேட்ட பிறகு என்ன செய்தார் என்று பார் என்று புதிதாக எழுதினார். வண்டியை விட்டு இறங்கிய பிறகே குறிப்பு எழுத வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார். மரியாதையாக இல்லை என்று அதை மட்டும் மேலே உள்ளவர்கள் நீக்கிவிட்டார்கள். பாட்டு ஊரிலிருந்தும் பெட்டியைப் பிடுங்கவில்லை. நல்ல இரண்டு பாட்டுக்கு நடுவில் மழைச் சேதியைச் செருகச் சொல்லி வானொலிக்காரர்களுக்கு எழுதினார். அது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு செயலியை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று யாராவது மேடையில் பெருமையாகச் சொன்னால், அந்த டீக்கடை முன்னால் ஊர்த் தலைவர் பேசிய பெருமை மாதிரியே காதில் விழுகிறது, என்ன செய்ய!

இனி அந்த மூன்றாம் நாள் காலை. மழை விட்டிருந்தது. சகதியில் இரண்டு இடத்தில் ஜீப்பைத் தள்ளி, எட்டரை மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். வயலெல்லாம் தண்ணீர். வரப்பு மேட்டில் ஓலை போர்த்திய கும்மல்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஜினமதி அம்மா ஓலையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு, ஒரு பிடி மல்லாட்டையை எடுத்துச் சாரின் உள்ளங்கையில் போட்டார். மழை படாத ஓடு. ஒரு காயை உடைத்தார். உள்ளே பருப்பு இளஞ்சிவப்பாக, நனையாமல் இருந்தது. பாதிக்கு மேல் தப்பிவிட்டது என்றார். மூன்று ஏக்கருக்கு அது பெரிய விஷயம்.

பிறகுதான் சாவடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்கப் பயந்துகொண்டே கேட்டார்.

"இன்னிக்கு சாயந்தரம் பொட்டி இருக்குமா சார்?"

"இருக்கும்மா. இனிமே எப்பவும் இங்கதான் இருக்கும்." சாரின் குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கோபத்தால் இல்லை. "கபாலி, ஜீப்ல புது பேட்டரி ஒண்ணு இருக்கு பார், எடுத்துட்டு வந்து குடு."

கபாலி கொண்டுவந்தார். ஜினமதி அம்மா அதைத் தொடவே இல்லை.

"பழசுலயே இன்னும் நெறய இருக்குதே சார். இத பேட்டரி தீந்து பொட்டி பாடாம கெடக்கற ஊருக்குக் குடுங்க. அங்கயும் யாராவது புடுங்கிப் போட்டுட்டு ஒக்காந்திருப்பாங்க."